ஏ.என்.பி கொடுத்தால் ரத்தக் குழாய் முளைக்குமா? மேட்ரிஜெல்லில் சோதிக்கும் முறை

1981-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் எலி இதயத்தின் மேலறைகளை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். சிறுநீரும் உப்பும் வழக்கத்தைவிட மிக அதிகமாக வெளியேறின. சாற்றில் இருந்தது ஏ.என்.பி என்ற இதய ஹார்மோன். ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களிலும் இதற்கான ஏற்பி, ஜி.சி-ஏ, உண்டு. ஹார்மோன் அதில் ஒட்டினால் செல்லுக்குள் சி.ஜி.எம்.பி என்ற சமிக்ஞை மூலக்கூறு கூடும். அதற்கப்புறம் குழாய் முளைக்கிறதா, அடங்குகிறதா என்பது கொடுக்கும் அளவைப் பொறுத்தது. குறைந்த அளவு தூண்டுகிறது என்றும், மிகுந்த அளவு, ரத்தக் குழாயை முளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப் புரதத்தின் வேலையைத் தடுக்கிறது என்றும் இருவிதமாகவும் ஆய்வுகள் உண்டு. அதனால் ஒரே ஒரு அளவை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

செல் வளர்ப்பு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மனிதத் தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர் செல்களை (ஹூவெக்) ஆறாவது பேசேஜுக்குள் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பேசேஜ்) பயன்படுத்துங்கள்.

மேட்ரிஜெல் என்பது குளிரில் திரவமாகவும் சூட்டில் கெட்டியாகவும் இருக்கும் புரத ஜெல். அதன் மேல் விட்ட உட்சுவர் செல்கள் குழாய் போன்ற வலை பின்னும். முதல் நாள் இரவே அதன் குப்பியை ஐஸில் புதைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். வளர்ச்சிக் காரணிகள் குறைக்கப்பட்ட வகைதான் வேண்டும். சாதாரண வகையில் செல்கள் தாமாகவே நன்றாக வலை பின்னிவிடும், ஹார்மோனின் வேலை தெரியாது. டிப், 96 குழி பிளேட் இரண்டையும் குளிர வைத்து, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். பிப்பெட்டைக் கடைசி வரை அழுத்தாமல் முதல் நிறுத்தத்தோடு விட்டால் குமிழி வராது. பிறகு 37 டிகிரியில் அரை மணி நேரம்.

இனி என்னை மூன்று வாரம் அலைக்கழித்த படி. 100 நானோமோலாரில் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காக 10 பிக்கோமோலார் (0.01 நானோமோலார்) வரை ஏ.என்.பி-யை நீர்த்தேன். ஆரோக்கியமான மனிதரின் ரத்தத்தில் ஏ.என்.பி ஏறத்தாழ அந்தக் கடைசி அளவில்தான் இருக்கும். என் பிளேட்டிலோ 1 நானோமோலாருக்குக் கீழே எதுவுமே நடக்கவில்லை. செல்லை மாற்றினேன், ஜெல்லை மாற்றினேன். கோளாறு நீர்க்கப் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயில் இருந்தது. 28 அமினோ அமிலமுள்ள ஏ.என்.பி-யில் ஐந்து ஆர்ஜினின்கள். அந்த நேர்மின்னூட்டத்தால் அது பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நிறைய இருக்கும்போது அந்த இழப்பு தெரியாது. பிக்கோமோலாரில் இருப்பதே கொஞ்சம், அதுவும் சுவரோடு போய்விடும். நீர்க்கும் திரவத்தில் 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ (மாட்டு ரத்தப் புரதம்) கலந்து, புரதம் ஒட்டாத குழாய்களுக்கு மாறி, ஒவ்வொரு படிக்கும் டிப் மாற்றியதும் கீழ் அளவுகளிலும் வலை மாறுவது தெரிந்தது. ஹார்மோன் இல்லாத கட்டுப்பாட்டுக் குழிக்கும் அதே பி.எஸ்.ஏ திரவத்தையே விடுங்கள். விலை கூடினாலும் ஒட்டாத குழாய்களைத்தான் வாங்கச் சொல்வேன்.

குழிக்கு 15,000 செல், சீரம் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வரிசையில் வி.இ.ஜி.எஃப் மட்டும், ஒரு வரிசையில் வி.இ.ஜி.எஃப் கூட ஏ.என்.பி. தடுக்கும் விளைவு இந்த வரிசையில்தான் தெரியும்.

நான்காம் மணியிலிருந்து ஆறாம் மணிக்குள் படமெடுங்கள். செல்கள் நீண்டு, ஒன்றின் நுனி இன்னொன்றைத் தொட்டு, தேன்கூடு போலக் கண்ணிகள் தெரியும். மறுநாள் வந்து பார்த்தால் வலை அறுந்து உருண்டைகளாகக் கிடக்கும். எண்ணுவதற்கு இமேஜ்ஜே மென்பொருளின் ஆஞ்சியோஜெனிசிஸ் அனலைசர் போதும், காசும் இல்லை. குழியின் ஓரத்தில் ஜெல் மேலேறியிருப்பதால் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள்.

பின்சேர்க்கை: ஏ.என்.பி-யின் உறவான பி.என்.பி என்ற இதய ஹார்மோனில் இதையே செய்து பார்த்த ஒருவர், எந்த அளவிலும் பலன் இல்லை என்று கருத்தில் எழுதியிருந்தார். விசாரித்ததில் அவர் வாங்கியது எலியின் பி.என்.பி, செல்களோ மனிதச் செல்கள். ஏ.என்.பி-யில் மனிதருக்கும் எலிக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். பி.என்.பி அப்படியல்ல. மனிதருடையது 32 அமினோ அமிலம், எலியுடையது 45, வரிசையும் நிறைய மாறும். மனித பி.என்.பி-யையே வாங்குங்கள்.

இன்னொருவருக்கு ஓரக் குழிகள் காய்ந்துபோயின. வெளி வரிசைகளில் செல் போடாமல் பி.பி.எஸ் உப்புக் கரைசல் மட்டும் நிரப்பினால் சரியாகிவிடும்.