படம், பாட்டு, புத்தகம்: மனசில் பட்டதை நாலு வரி எழுதுவது எப்படி?

சுவாமி புறப்பாடு முடிந்த ராத்திரி, சன்னதித் தெரு டீக்கடையில் நிற்கிறவர்கள் நாகசுரத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். "நல்லா வாசிச்சார்" என்று யாரும் அதோடு விடமாட்டார்கள். "தெக்கு வீதி திரும்பினப்ப மேல போயி ஒரு இடத்துல நின்னார் பாரு, தவில்காரர் கையே ஓடாம பாத்துக்கிட்டு நின்னார்" என்று வரும். பேசுகிறவருக்கு அது என்ன ராகம் என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்த வீதியில், எந்த இடத்தில் என்று சொல்கிறார் இல்லையா? அதே ஆள் மறுநாள் படம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடும்போது, "செம படம், மிஸ் பண்ணாதீங்க" என்று முடித்துவிடுகிறார். பேசும்போது சரளமாக வந்தது எழுதும்போது எங்கே போயிற்று?

இதற்கு முன்னால் ஒரு வரிகூட எழுதியிராதவர்களுக்கான விளக்கம் இது. விமர்சகர் ஆவதற்கு வழி சொல்லப்போவதில்லை. ரசிகராகவே இருந்து, நமக்குத் தோன்றியதை அடுத்தவருக்குப் புரியும்படி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

1. சின்னதாக ஒன்றை எடுங்கள்

முதல் முயற்சிக்கே ஐந்து பாகம் உள்ள நாவல் வேண்டாம். ஒரு சிறுகதை, ஒரு பாட்டு, ஒரு படம் போதும். முழுதாகப் படித்ததாக, பார்த்ததாக இருக்கட்டும். பாதியில் எழுந்து வந்த படம் என்றால் அதைச் சொல்லிவிட்டு எழுதலாம், தப்பில்லை.

2. அன்றைக்கே குறித்து வையுங்கள்

தியேட்டரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும். மீதியை வீட்டில் இருக்கிறவர்களின் அபிப்பிராயம் அடித்துப் போய்விடும். அதனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனிலேயே இரண்டு விஷயங்களைத் தட்டி வையுங்கள். எந்த இடத்தில் மெய்மறந்தீர்கள்? எந்த இடத்தில் போனை எடுத்து மணி பார்த்தீர்கள்? இரண்டாவது கேள்விதான் அதிகம் உதவும். பிடித்ததைப் பற்றி நாம் நமக்கே பொய் சொல்லிக்கொள்வது உண்டு, குறிப்பாகப் பிடித்த நடிகர் படமாக இருந்தால். மணி பார்த்த கை பொய் சொல்லாது.

புத்தகத்துக்கும் இதே வழிதான். எந்தப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள், எந்தப் பக்கத்தில் சாப்பாடே ஆறிப்போனது என்று ஓரத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். நூலகப் புத்தகம் என்றால் கோடு வேண்டாம், பக்க எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்

ரசிகர் காட்சியில் பேப்பர் பறக்க, வசனமே காதில் விழாமல் பார்த்த படமும், நாலாவது நாள் மதியக் காட்சியில் காலி நாற்காலிகளுக்கு நடுவே பார்த்த அதே படமும் ஒன்றல்ல. திருவிழாக் கச்சேரியில் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடியிருந்தால், பாடகர் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் மெல்லிய சங்கதி உங்கள் காதுக்கு வந்தே இருக்காது. படிக்கிறவர் அதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்வார். ஒரே வரி போதும்.

4. ஒரே ஒரு இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதி மதிப்பெண் போடுகிறார்கள். பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கை மாதிரி இருக்குமே தவிர, படத்தின் முகம் தெரியாது. ஒரு இடத்தை எடுங்கள். அதையே விடாமல் பாருங்கள்.

திருவையாற்றையே எடுத்துக்கொள்வோம். தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை, காவிரிக் கரையில் அவர் சமாதிக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள். முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. சரணங்களை முதலில் ஸ்வரமாகவும் (ச ரி க ம என்று) பிறகு சாகித்தியமாகவும் (பாட்டின் வார்த்தைகளோடு) பாடுவார்கள். "சங்கீதம் தெரியாத நான் இதைப் பற்றி என்ன எழுத?" என்று கேட்பீர்கள். இப்படி எழுதலாம்:

"பந்தலின் பின்கோடியில்தான் இடம் கிடைத்தது, மேடை தெரியவில்லை. எனக்கு ஸ்வரமும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆரபி வந்தபோது பக்கத்திலிருந்த பாட்டி பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பாடினார். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் ஒரே வரி திரும்ப வருகிறது. அந்த வரி வரும்போதெல்லாம் பந்தல் முழுக்கக் குரல் ஏறியது. வராளியில் குரல்கள் குறைந்ததுபோல் இருந்தது. கச்சேரியாகக் கேட்டால் சுருதி அங்கங்கே சேரவில்லை. அடுத்த வருஷமும் போவேன், ஆரபிக்காக."

இதில் கலைச்சொல் என்று பெரிதாக எதுவும் இல்லை. காது கேட்டது, கண் பார்த்தது, குறை ஒன்று, முடிவு ஒன்று. இசை தெரிந்தவர் படித்தாலும் தலையாட்டுவார். வராளியில் ஏன் குரல் குறைந்தது என்று அவரிடம் கேட்டால், அதைச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாது என்று ஒரு பழைய நம்பிக்கை இருப்பதை எடுத்துச் சொல்வார். நீங்கள் கவனித்ததால்தான் அந்தப் பேச்சே வந்தது.

5. உங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பாருங்கள்

டெல்டாக்காரருக்கு இருக்கும் வசதி இது. நடவாட்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள் என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு படத்தில் முன்னால் நடந்தபடி நட்டு, நட்ட நாற்றையே மிதித்துக்கொண்டு போனால், பட்டணத்து விமர்சகர் கண்ணில் அது படாது, உங்கள் கண்ணில் படும். சித்திரையில் கல்யாணம் நடக்கிறது, பின்னால் காவிரி இருகரையும் தொட்டு ஓடுகிறது என்றால் சிரிப்பு வரும். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதியே ஜூன் 12. தவில்காரராக நடிப்பவரின் வலக்கை விரல்களில் மாட்டும் கூடு (கெட்டியான உறை) இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

ஆனால் பிழை கண்டுபிடித்ததோடு எழுந்துவிடாதீர்கள். அந்தப் பிழை கதையைக் கெடுத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விவசாயியின் கஷ்டத்தைச் சொல்ல வந்த படத்தில் நடவு தப்பாக இருந்தால் அது பெரிய விஷயம். நாயகனும் நாயகியும் வரப்பில் ஆடும் பாட்டில் தப்பாக இருந்தால், போகட்டும் விடுங்கள்.

6. பாராட்டு யாருக்கு என்று பாருங்கள்

கருத்து நம்முடையது, அதை யாரும் திருத்த முடியாது. தகவல் அப்படியல்ல. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தைப் பார்த்துவிட்டு "சிவாஜி என்னமா வாசிக்கிறார்" என்று எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கன்னத்தின் உப்பல், கழுத்து நரம்பு, விரலோட்டம் எல்லாம் சிவாஜி. காதில் விழும் நாகசுரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இசையமைத்தவர் கே.வி. மகாதேவன். ஆனந்த விகடனில் அந்தக் கதையைத் தொடராக எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. இதையெல்லாம் பிரித்துத் தெரிந்துகொண்டால் உங்கள் பாராட்டு இன்னும் கூர்மையாகும்: வாசிக்காத ஒருவர் வாசிப்பதாக நம்மை நம்ப வைத்தது எப்படி என்று எழுதலாமே.

பெயர், ஆண்டு, யார் பாடியது, யார் எழுதியது ஆகிய நான்கையும் படத்தின் எழுத்தோட்டத்திலோ, புத்தகத்தின் முதல் பக்கங்களிலோ ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபார்வேர்டு செய்தியை நம்ப வேண்டாம்.

7. நாவலும் படமும் என்றால்

'பொன்னியின் செல்வன்' படங்கள் 2022, 2023-ல் வந்தபோது நம் பக்கத்தில் கேட்ட முக்கால்வாசிப் பேச்சு "புக்குல இருந்தது படத்துல இல்ல" என்பதுதான். அது ஒரு தகவல். இல்லாததால் என்ன ஆயிற்று என்று சொன்னால்தான் அது கருத்து.

கல்கி பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய அந்தத் தொடர், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனோடு ஆரம்பிக்கிறது. அவன் கண்ணால் நாம் சோழ நாட்டின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கதைக்குள் போகிறோம். படம் போர்க்களத்துக்கு நம்மைச் சீக்கிரமே கொண்டுபோய், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் ஆவேசத்தை முன்னால் வைக்கிறது. எனக்கு நாவலின் தொடக்கம்தான் பிடிக்கும், ஏரிக்கரை வாசம் விட்டுப்போவதாயில்லை. ஆனாலும் கரிகாலனை முன்னால் கொண்டுவந்ததால் நந்தினி மேல் அவனுக்குள்ள தீராத காயம் சட்டென்று பிடிபடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படிப் போனதையும் வந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

சரித்திரத்தை இழுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரிகாலனைக் கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. நந்தினி, நாவலை எழுதிய கல்கியின் கற்பனை. "சரித்திரத்தைத் திரித்துவிட்டார்கள்" என்று எழுதுவதற்கு முன் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

8. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்

"வேற லெவல்", "காவியம்", "மரண மொக்கை" மூன்றையும் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "இடைவேளைக்கு முன்னால் வரும் சண்டை மரண மொக்கை" என்பதைவிட, "அந்தச் சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை, முறுக்கு வாங்கப் போனவர் திரும்பி வந்தபோதும் அது முடியவில்லை" என்பது படிக்கிறவருக்கு உதவும்.

பேசுகிற தமிழில் எழுதினால் போதுமா என்ற தயக்கம் வேண்டாம். மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியே, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிகளையும் படங்களையும் பற்றி எழுதியபோது சாதாரண வாசகர் சிரித்துக்கொண்டே படிக்கும்படிதான் எழுதினார்.

கதையின் முடிச்சை மட்டும் அவிழ்க்காதீர்கள். அவிழ்த்தே ஆக வேண்டும் என்றால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

9. போடுங்கள், பதிலுக்குத் தயாராக இருங்கள்

முதல் பதில் அநேகமாக உங்கள் சித்தப்பாவிடமிருந்து வரும், "உனக்கு என்ன தெரியும்" என்று. இரண்டாவது, அந்த நடிகரின் ரசிகர் யாராவது. சித்தப்பாவிடம் "உங்களுக்கு எந்த இடம் பிடிச்சுது சித்தப்பா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடலாம், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். நடிகரின் ரசிகர் இடத்தைச் சொன்னால் பேசுங்கள், வசூல் கணக்கைச் சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.