டக்ட்டில் காற்றின் வேகத்தைப் பிட்டோ குழாயால் அளக்கும் முறை

டக்ட்டில், அதாவது அறைகளுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயில், எடுக்கும் அளவு தவறிப்போனால் கருவியைக் குறை சொல்கிறோம். ஆனால் பெரும்பாலும் பிழை நுழைவது துளை போடும் இடத்திலும், சராசரி எடுக்கும் விதத்திலும்தான்.

‘ட’ வடிவில் வளைந்த பிட்டோ குழாயின் முனைத்துளை, எதிர்வரும் காற்றின் மொத்த அழுத்தத்தையும், பக்கவாட்டிலுள்ள சிறுதுளைகள் நிலை அழுத்தத்தையும் வாங்குகின்றன. இவ்விரண்டின் வித்தியாசமே திசைவேக அழுத்தம். பாஸ்கலில் கிடைக்கும் அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 1.29ஆல் பெருக்கினால், வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். இது 20 டிகிரி செல்சியஸ் காற்றுக்குப் பொருந்தும். சூடான காற்றுக்கு அடர்த்தியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வளைவு, டேம்பர் (காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடு), விசிறி ஆகியவற்றை ஒட்டிய இடங்களில் காற்று ஒருபக்கம் ஒதுங்கி ஓடும். ஆகவே துளைக்குக் காற்று வந்துசேரும் பக்கத்தில் டக்ட் விட்டத்தைப்போல் ஏழரை மடங்கும், அதைக் கடந்துபோகும் பக்கத்தில் மூன்று மடங்கும் நேராக ஓடும் பகுதியைத் தேடுங்கள். இந்தத் தேடலில் நேரம் போனாலும் அது வீணன்று.

600 மி.மீ. அகலமும் 400 மி.மீ. உயரமும் கொண்ட டக்ட்டில், ஒவ்வொரு திசையிலும் ஐந்தாக 25 புள்ளிகள் எடுக்கலாம். அகலவாட்டில் அவை ஒரு சுவரிலிருந்து 44, 173, 300, 427, 556 மி.மீ. தொலைவில் அமையும். இந்தத் தொலைவுகளைக் குழாயின் தண்டிலேயே டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் கை தடுமாறாது. குழாயோடு ஹோஸ்களால் இணையும் அழுத்தமானியான மானோமீட்டரைப் பூச்சியத்தில் நிறுத்திவிட்டு, முனை காற்றோட்டத்தை நேருக்கு நேர் நோக்கும்படி குழாயைச் செலுத்துங்கள். வெளியே தெரியும் நிலை அழுத்தக் கிளை முனைக்கு இணையாக இருப்பதால், அதைப் பார்த்தே திசையைச் சரிசெய்யலாம். எண் எதிர்க்குறியில் வந்தால், ஹோஸ்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: அழுத்தங்களைச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு புள்ளியில் 60 பாஸ்கலும் மற்றொன்றில் 15 பாஸ்கலும் இருந்தால் வேகங்கள் முறையே 10, 5; சராசரி 7.5 மீட்டர். அழுத்தங்களின் சராசரியான 37.5 பாஸ்கலிலிருந்து கணக்கிட்டாலோ 7.9 வரும். இல்லாத காற்றை இருப்பதாக எழுதிக் கொடுத்தால், கடைசி அறையில் இருப்பவர்தான் புழுங்குவார்.

25 புள்ளிகளின் சராசரி வேகம் 7.5 மீட்டர் எனில், அதைப் பரப்பான 0.24 சதுர மீட்டரால் பெருக்க, விநாடிக்கு 1.8 கன மீட்டர் காற்று ஓடுவது தெரியும். வேகம் 2 மீட்டராகக் குறைந்தால் அழுத்தம் 2.4 பாஸ்கல்தான் இருக்கும். அந்நிலையில் சூடான கம்பி அனிமோமீட்டர் என்னும் காற்றுவேகமானியே நம்பத்தக்கது.