உயரம் குறைந்தவர்கள் பைக் வாங்கும்போது
இருக்கை உயரம் பஜாஜ் அவெஞ்சரில் 737 மி.மீ., ராயல் என்ஃபீல்டு மீட்டியரில் 765 மி.மீ., கிளாசிக் 350-இல் 805 மி.மீ. என்று விவரப் பட்டியல் சொன்னாலும், இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் தரையை எட்டுவது கடினமாகிவிடும். ஆகவே ஷோரூமில், வழக்கமாக அணியும் காலணியோடு ஏறி, சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியை நேராக நிமிர்த்திப் பாருங்கள். இரு முன்பாதங்களும் அழுத்தமாக ஊன்றினால் பெரும்பாலும் போதும், குதிகாலும் படவேண்டும் என்ற கட்டாயமில்லை. உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. ஏறத்தாழ 191 கிலோ எடையுள்ள மீட்டியரில், இருக்கை தாழ்வாக இருந்தும், பள்ளமான இடத்தில் இது எளிதல்ல. விற்பனையாளர் சலித்துக்கொண்டால் பொருட்படுத்த வேண்டாம். தேவையானால் இருக்கையின் ஃபோமைச் சற்றுக் குறைக்கலாம். சஸ்பென்ஷனைத் தாழ்த்தினால் வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.