பாட்டிக்காக ஒரு பழைய படத்துக்குத் தமிழ் வரிகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டில் பாட்டிக்கு இங்கிலீஷ் படம் பிடிக்கும், பேச்சு மட்டும் புரியாது. அதனால் 'லெட் ஜார்ஜ் டூ இட்' படத்துக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை (சப்டைட்டில்) நானே எழுதினேன். 1940இல், இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே இங்கிலாந்தின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த உளவாளி நகைச்சுவை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படிச் செய்யலாம்.

எழுத உட்காரும் முன் முழுப்படத்தையும் ஒருமுறை பாருங்கள். "ஏன் இப்படி?" என்று வீட்டில் யாராவது கேட்கக்கூடிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ஜார்ஜ் ஃபார்ம்பி இங்கிலாந்தின் பிளாக்பூலுக்குப் போக வேண்டியவர். டோவர் துறைமுகத்தில் இருட்டடிப்பு. தவறான கப்பலில் ஏறி நார்வேயின் பெர்கனில் போய் இறங்குகிறார். இருட்டடிப்பு புரியாவிட்டால் கதையே நிற்காது. பேரப்பிள்ளைகளுக்காக "குண்டு விமானத்துக்குப் பயந்து ஊரே விளக்கணைத்திருக்கிறது" என்று எழுதினேன். பாட்டிக்கு அது தேவைப்படவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டபோது அவருக்கு ஏழு வயது. "நாங்களும் விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டினோம்" என்றார்.

அப்புறம், தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பேசியதையெல்லாம் எழுதாதீர்கள். திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வயதானவர்கள் படித்து முடிக்க மூன்று விநாடியாவது நிற்கட்டும். படத்தில் வில்லனான பேண்ட் மாஸ்டர் ரேடியோ இசைக்குள் கப்பல் விவரங்களை ஒளித்து ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அனுப்புகிறான். அதற்கு "பாட்டுக்குள் செய்தி இருக்கு!" போதும். ஜார்ஜ் உக்குலேலே என்ற குட்டி கிட்டார் வாசித்துப் பாடும் பாட்டுகளை மொழிபெயர்க்கவே வேண்டாம். அந்தச் சிலேடை தமிழில் செத்துவிடும்.

கோப்பை எஸ்ஆர்டி (.srt) என்ற சப்டைட்டில் வடிவில், யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள்; இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் கட்டம்தான் வரும். சில டிவிகளில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். மடிக்கணினியில் விஎல்சி (VLC) என்ற வீடியோ மென்பொருள் வைத்து ஓட்டி, எச்டிஎம்ஐ கம்பியால் டிவியோடு இணைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பெரியவர் உட்காரும் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து எழுத்தின் அளவைச் சரிபாருங்கள்.

போர்ப் படம் போடலாமா என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்கள் பல வீடுகளில் உண்டு. பாட்டி சம்மதித்த பிறகுதான் போட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு சேதியும் சொன்னேன்: 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நம் பினாங்குத் துறைமுகத்தையே தளமாக வைத்திருந்தன. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கனவில் ஜார்ஜ் ஹிட்லரைக் குத்தும் காட்சியின் நேரத்தைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி அதை மூன்று தரம் திரும்பப் போடச் சொன்னார்.