கரிசல் மண்ணில் ஷட்டில் கோர்ட் போடுவது எப்படி?

கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் கொல்லையில் சிமென்ட் தளம் போட்டவர்களைக் கேட்டால் ஒரே புகார்தான் வரும்: ஐப்பசி மழையில் ஓரம் தூக்கிவிட்டது, சித்திரையில் நடுவில் வெடிப்பு ஓடிவிட்டது. சிமென்டைத் திட்டிப் பயனில்லை. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும். மழையில் தளத்தின் ஓரத்து மண் முதலில் நனைந்து எழும்புகிறது. நடுவில் அடிமண் காய்ந்தே கிடக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காமல் தளம் முறிகிறது. ஆகவே அடிமண்ணின் ஈரம் வருடம் முழுக்க அதிகம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே முக்கால்வாசி வேலை.

1. மண்ணைச் சோதியுங்கள்

ஒன்றரை அடி ஆழத்து மண்ணை நன்றாகக் காயவைத்துப் பொடித்துச் சலியுங்கள். அளவுக்கோடு உள்ள இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் 10 கிராம் வீதம் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 100 மில்லி வரை ஊற்றி, காற்றுக்குமிழி போகக் கலக்கி, ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மில்லி உயரத்தில் படிந்த மண் தண்ணீரில் 15 மில்லிக்கு மேல் நின்றால் உப்பல் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கீழே சொல்வதில் எதையும் விடாதீர்கள்.

2. இடமும் காலமும்

ஆடுகளம் 44 அடிக்கு 20 அடி. ஓடித் திரும்ப இடம் சேர்த்துத் தளம் 54 அடிக்கு 28 அடி. நீளவாக்கு வடக்கு தெற்காக இருந்தால் காலை, மாலை வெயில் கண்ணில் அடிக்காது. வேம்போ புளியோ பக்கத்தில் இருந்தால், அந்த மரத்தின் உயரத்துக்குத் தள்ளிப் போவது நல்லது. வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண்ணில் மிதமான ஈரம் இருக்கும் தை, மாசி ஏற்ற காலம். கோடையில்தான் முடியும் என்றால், வெடிப்புகள் மூடும்வரை சில நாள் தண்ணீர் தெளித்த பிறகே தொடங்குங்கள்.

3. பள்ளம் தோண்டாதீர்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஜேசிபியை விட்டு இரண்டடி தோண்டி ஜல்லியும் மணலும் கொட்டினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் இறங்காத களிமண். வெளியேற வழி வைக்காத அந்தப் பள்ளம் தண்ணீர்த் தொட்டிதான். மழை நீர் ஜல்லிக்குள் தங்கி, அடிக் கரிசலை வாரக்கணக்கில் ஊறவைக்கும். அதனால் கரிசலில் கோர்ட் தரைக்கு மேலே எழும்ப வேண்டும்.

புல், வேரோடு மேல்மண் 3 அங்குலம் மட்டும் வழித்தெடுங்கள். தளத்தைவிடச் சுற்றிலும் இரண்டடி கூடுதலாக, அதாவது 58-க்கு 32 அடி. ஒரு நீளப் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் வையுங்கள். 28 அடிக்குச் சுமார் மூணேகால் அங்குலம் வரும். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். நடுவை மேடாக்கி இருபுறமும் சரிக்க வேண்டாம், ஆட்டத்துக்குச் சரிப்படாது.

4. சுண்ணாம்பு

அடுத்த 6 அங்குல மண்ணை ரோட்டாவேட்டரால் கிளறி, மண் எடையில் 4 சதவீதம் நீற்றிய சுண்ணாம்புப் பொடியைக் கலக்க வேண்டும். மொத்தம் சுமார் 1.6 டன். தண்ணீர் தெளித்து ஒரு நாள் விட்டு, மறுபடி கிளறி ரோலர் ஓட்டுங்கள். கலவை சரியாகப் பிடித்திருந்தால் கையில் ஒட்டும் கரிசல் பொலபொலவென்று உதிரும். ஏழு நாள் ஈரம் காயவிடாதீர்கள். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது; சுண்ணாம்பு கண்ணைப் பறித்துவிடும்.

5. கிராவல்

கிராவல் (சரளை கலந்த செம்மண்) இறுகிய பிறகு ஓர் அடி நிற்க வேண்டும். உதிரியாகச் சுமார் 23 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) பிடிக்கும். ஆறாறு அங்குலமாகப் பரப்பி, லேசாக நனைத்து, ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ஓட்டினால் அடியில் இறுகாது, பிறகு அமுங்கும். ஆற்று மணல், எம்-சாண்ட் வேண்டாம், அவை நீரை உள்ளே விடும்.

6. கான்கிரீட்

விளிம்பைச் சுற்றி 9 அங்குல அகலம், தளத்தோடு சேர்த்து 12 அங்குல ஆழம் வருமாறு கிராவலில் கால் (பள்ளம்) எடுங்கள்; தளத்தோடு அதிலும் கான்கிரீட் நிறையும். ஓரத்து ஈரம் அடியில் நுழைவதை இது குறைக்கும். 250 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் 8 மில்லி கம்பி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 8 அங்குல இடைவெளியில், பிறகு எம்-25 கான்கிரீட் 5 அங்குலம். விளிம்போடு சேர்த்து 20 கன மீட்டர். சேதாரத்துக்கு ஒன்று கூட்டி ரெடிமிக்ஸ் சொல்லுங்கள். நெட் கம்பத்துக்கான குழாய்களை 20 அடி இடைவெளியில் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கம்பி மேல்பரப்பிலிருந்து 2 அங்குலத்தில் நிற்க வேண்டும். ஊற்றும்போது ஆட்கள் மிதித்து ஷீட்டோடு ஒட்டவைத்துவிடுவார்கள், பிறகு கம்பி போட்டும் பலனில்லை. கம்பியைத் தூக்கி நிறுத்தும் ஸ்டூல் கம்பிகளை நெருக்கமாக வைத்து, கூடவே நின்று பாருங்கள்.

அன்றே, கட்டர் விளிம்பைப் பெயர்க்காத அளவு இறுகியதும், நீளத்தை ஆறாகவும் அகலத்தை மூன்றாகவும் பிரித்து ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால், வெடிப்பு தானே தனக்குப் பிடித்த இடத்தைத் தேடிக்கொள்ளும். வாட்டத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த முடியாது. ஈரச் சாக்கு போர்த்தி 14 நாள் நனைத்து வாருங்கள்.

7. வடிகால்

தாழ்ந்த பக்கம், தளத்திலிருந்து மூன்றடி தள்ளி, சிமென்ட் பூசிய திறந்த வாய்க்கால். அதை தெருக் கால்வாய்க்கோ தாழ்வான நிலத்துக்கோ கொண்டு விடுங்கள். கரிசலில் வெட்டிய உறிஞ்சுகுழி நம்பி விடத்தக்கதல்ல, முதல் கனமழையிலேயே நிரம்பி நிற்கும். மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் நீரையும் இன்னொரு வாய்க்காலில் திருப்புங்கள்.

8. பெயின்ட், கோடு

28 நாள் கழித்துத் தளத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் 2 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கும் இடங்களைச் சரிசெய்து, காய்ந்த பிறகு பிரைமரும் மணல் கலந்த அக்ரிலிக் பெயின்டும் அடியுங்கள். கோட்டின் அகலம் 40 மில்லிமீட்டர். ஆடுகளம் 13.40-க்கு 6.10 மீட்டர், இரு மூலைவிட்டங்களும் 14.72 மீட்டர் வந்தால்தான் மூலைமட்டம் சரி. முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 1.98 மீட்டர். நெட் உயரம் கம்பத்தில் 1.55, நடுவில் 1.524 மீட்டர்.

பிறகு விளிம்பை ஒட்டி வாழை வைப்பது, குழாயடி போடுவது எதுவும் வேண்டாம். புரட்டாசியிலேயே வாய்க்காலைத் தூர்வாரி, கோடையில் ஓரத்து மண்ணில் விழுந்த வெடிப்புகளில் கிராவலை இடித்து அடைத்துவிடுங்கள்.