பழைய காரின் கண்ணாடி பீடிங்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் இருக்கும் மாருதி 800 காருக்கு என் மகளைவிட வயது அதிகம். 1983-இல் அறிமுகமாகி 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. என்னுடையது 1999 மாடல். கால் நூற்றாண்டு சென்னை வெயிலில் நின்றதில், கதவுக் கண்ணாடியின் அடியில் வெளிப்பக்கம் ஓடும் கறுப்பு ரப்பர் பட்டை கருவாடாகக் காய்ந்து, நெளிந்து, நடுவில் பிளந்துவிட்டது. அரை மணி நேர வேலைதானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஒரு கதவை முடிக்கவே சாயங்காலமாகிவிட்டது. அடுத்த மாதமே அதைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியும் வந்தது. நான்கு கதவுகளும் முடிவதற்குள், இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்துவிட்டேன்.

தவறு கடையிலேயே தொடங்குகிறது. நம் ஊரில் 'பீடிங்' என்ற ஒரே சொல் நான்கு பொருள்களைக் குறிக்கும். கதவு மூடும் வாயைச் சுற்றி வரும் தடித்த ரப்பர் ஒன்று. கண்ணாடி மேலும் கீழும் ஓடும் பள்ளத்தில் இருக்கும் சேனல் ரப்பர் இன்னொன்று. கண்ணாடியின் அடியில் உட்பக்கமாக ஒரு பட்டையும் வெளிப்பக்கமாக ஒரு பட்டையும் தனித்தனியாக உண்டு. நமக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பட்டை. "கண்ணாடி பீடிங் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் சேனல் ரப்பர்தான் கைக்கு வரும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இரண்டு முறை அப்படி வாங்கி இரண்டு முறை திருப்பிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: பழைய பட்டையையோ அதன் தெளிவான படத்தையோ எடுத்துக்கொண்டு போங்கள். இடது, வலது, முன், பின் என்று நான்கும் வேறு வேறு. இடதை வலதில் மாட்டினால் ஓரத்து வளைவு பொருந்தாது.

மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பட்டையும் கிடைக்கிறது. விலை குறைவு. ஆனால் அதில் கதவின் ஓரத்துக்கு ஏற்ற முனையும் இருக்காது, அந்தந்த வண்டிக்கு உரிய கிளிப்பும் இருக்காது. வெட்டிய முனையில் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு வெளியே தெரியும். ஒரே மழைக்காலத்தில் அங்கே துருப் பிடித்துவிடும். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பட்டை வாங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி என்றால் சரி. ரப்பரை ஓடாத வண்டியிலும் வெயில் தின்னும். உங்கள் பட்டையின் வயதுதான் அதற்கும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிடுவது நல்லது. கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பைப் பிடித்து உள்ளும் வெளியும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் சேனல் ரப்பரும் போய்விட்டது என்று பொருள். அதை விட்டுவிட்டு வெளிப்பட்டையை மட்டும் மாற்றினால், ஆடும் கண்ணாடியின் பாரம் முழுவதும் புதுப் பட்டையின் மெல்லிய உதட்டில் விழும். அது சீக்கிரமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இனி பெரிய தவறுக்கு வருகிறேன். மற்றப் பல தவறுகளுக்கு அதுதான் தாய். இந்தப் பட்டை கதவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாமல் தடுக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், கதவுக்குள் தண்ணீர் போகும் என்று எதிர்பார்த்தேதான் கதவை வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடியை ஒட்டி வரும் நீரில் பெரும்பகுதியைப் பட்டை வெளியே வழித்துவிடும்; மிச்சம் உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாகச் சாலையில் சொட்டும். உட்பக்கம் கதவை மூடியிருக்கும் அட்டைக்கு, அதாவது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்த நீர் காருக்குள் வராமல் தடுக்கிறது. பட்டையின் வேலை கண்ணாடியைத் துடைப்பது, மண்ணையும் தூசியையும் நிறுத்துவது, காற்றின் இரைச்சலைக் குறைப்பது.

இது தெரியாததால்தான் எத்தனையோ பேர் பட்டையின் மேல் சிலிகான் பசையைப் பிதுக்குகிறார்கள். முதல் கதவில் நானும் அதைத்தான் செய்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் பசை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். இரும்புத் தகட்டுக்கு அது ஆகாது. பசைக்கு அடியில் சிக்கிய ஈரமும் சேர்ந்துகொண்டு துருவுக்கு விருந்து வைத்துவிட்டது. அடுத்த மாதம் பட்டையைப் பிரித்தபோது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அந்தப் பட்டை கிளிப்பாலும் இறுக்கத்தாலும் நிற்க வேண்டியது. பசை போட்டால்தான் நிற்கிறது என்றால் பட்டை தவறானதாக இருக்கும், இல்லையென்றால் தகட்டின் விளிம்பு கெட்டிருக்கும்.

கழற்றும்போது முதலில் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட வேண்டும். சில வண்டிகளில் கதவின் பின்விளிம்பில், பூட்டுக்கு மேலே, பட்டையின் முனையைப் பிடித்தபடி ஒரு சிறு ஸ்க்ரூ இருக்கும். சிலவற்றில் பக்கக் கண்ணாடியின் முக்கோண மூடியைக் கழற்றினால்தான் முன்முனை வெளியே வரும். இவற்றைக் கவனிக்காமல் இழுப்பவர்கள் தகட்டை வளைத்துவிடுகிறார்கள். கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. அதன் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால், அந்த இடத்தில் அலைபோல ஒரு நெளிவு விழும். பட்டை மாறிய பிறகும் வெயிலில் அது மட்டும் கண்ணை உறுத்தும். தகட்டு நெளிவை எடுக்கும் டிங்கர் கடைக்குப் போகும் செலவில் நான்கு கதவுக்கும் பட்டை வாங்கிவிடலாம். விளிம்பை ஒட்டி பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, பிளாஸ்டிக் நெம்புகட்டையால் ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கித் தூக்குங்கள். வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்கினால் ரப்பர் இளகிக் கொடுக்கும். சென்னையில் இதற்குத் தனியாக ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

உடைந்த கிளிப்புகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒன்று கதவுக்குள் விழுந்தாலும், வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் கிலுகிலுப்பை போலச் சத்தம் வரும். நகர்ந்து நகர்ந்து நான் சொன்ன அந்தத் துளையை அடைத்துக்கொள்ளவும் கூடும். இடைவெளியில் ஒரு துணியைச் செருகிவிட்டு வேலை செய்தால் போதும். வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்காமல் இருப்பது அடுத்த பாடு.

பட்டை வெளியே வந்ததும் புதியதை மாட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வரும். அங்கேதான் நிறுத்த வேண்டும். இந்த வேலையில் பட்டையைவிட முக்கியமானது அதற்கு அடியில் இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்த தகட்டு விளிம்பு. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஓடிய வண்டி என்றால் அங்கே துரு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதன் மேலேயே புதுப் பட்டையை மாட்டினால் துரு உப்பி, கிளிப்பைத் தள்ளி, பட்டையை மேலே கிளப்பிவிடும். பழைய பட்டைகள் நெளிந்து நிற்பதற்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. பல வண்டிகளில் அடியிலிருந்து துரு தள்ளுகிறது.

உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் பூசி, காய்ந்த பிறகு மெல்லியதாக ஒரு கை பெயிண்ட் அடித்து, ஒரு நாளாவது காயவிட வேண்டும். பூசும் முன் கதவைப் பளபளப்பாக்கும் சிலிகான் பாலிஷ் எதையும் பக்கத்தில் அண்டவிடாதீர்கள். அது பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். குழி விழுந்த விளிம்பைப் பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பும் பூச்சு) வைத்து நிரப்பும் ஆசையும் வேண்டாம். விளிம்பின் தடிமன் கூடினால் பட்டை உட்காராது. பலவந்தமாக அழுத்தினால் பட்டி நொறுங்கி உள்ளே கொட்டும். துரு தகட்டை ஓட்டையாக்கியிருந்தால் அது டிங்கர் வேலை.

கண்ணாடியையும் அதே நேரத்தில் சுத்தம் செய்துவிட வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கார்களில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தபோது எல்லாரும் அவசர அவசரமாக ஃபிலிமை உரித்தார்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி, கதவுக்குள் மறைந்திருக்கும் அந்த இரண்டு விரல் அகலம், பல வண்டிகளில் உரிக்கப்படவே இல்லை. அங்கே கிழிந்த ஃபிலிமும் பிசினும் இன்னும் இருக்கும். ஃபிலிம் கண்ணாடியின் உட்பக்கம்தான் என்றாலும், உட்பட்டையின் உரசலைக் கூட்டிக் கண்ணாடியைச் சாய்த்துவிடும். பிறகு வெளிப்பட்டைமேல் பழி விழும். கண்ணாடியைத் தொடும் இடத்தில் பட்டையில் வெல்வெட் போன்ற மெல்லிய இழைகள் உண்டு. அதில் மணல் ஒட்டினால் கண்ணாடியில் செங்குத்தாகக் கோடு கோடாகக் கீறல் விழும். தெருவோரத்தில் காற்றடிக்கும் வேளையில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது.

மாட்டும்போது பட்டை இறங்க மறுக்கும். உடனே கை கிரீஸ் டப்பாவுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் போகும். இந்தப் பட்டைகள் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை. வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிக் கொழகொழத்துவிடும். மண்ணெண்ணெயால் துடைப்பதும் அதே கேடுதான். தேங்காய் எண்ணெய் தடவினால் ஊர்த்தூசி அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். வழுக்கிக் கொடுக்கும், பிறகு காய்ந்துவிடும்.

முனையைச் சரியாக நிறுத்தாமல் நடுவில் தொடங்குவது அடுத்த பிழை. பின்முனையைக் கதவின் விளிம்போடு பொருத்திவிட்டு, உள்ளங்கையால் ஒரு சாண் ஒரு சாணாக அழுத்திக்கொண்டே முன்னே வாருங்கள்; ஒவ்வொரு கிளிப்பும் 'டக்' என்று விழும் ஓசை கேட்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் உள்ளே இருக்கும் தகடு மடங்கும், பட்டையின் முகத்தில் பள்ளம் விழும். நீளம் போதாததுபோலத் தெரிந்தால் இழுத்து நீட்டிவிடாதீர்கள். இழுத்து மாட்டிய ரப்பர் சில வாரங்களில் சுருங்கி, முனையில் விரல் நுழையும் இடைவெளியைக் காட்டும். எல்லாம் உட்கார்ந்த பிறகு கண்ணாடியை மெதுவாக ஏற்றி, பட்டையின் உதடு முழு நீளத்துக்கும் கண்ணாடியில் மேல்நோக்கிப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்நோக்கி மடங்கியிருந்தாலும் அங்கேதான் தண்ணீர் வாய்க்கால் போல இறங்கும். முதல் சில நாட்கள் கண்ணாடி கொஞ்சம் இறுக்கமாக ஏறும், அது இயல்பு. கைப்பிடியைச் சுற்றவே முடியவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் நிறுத்துங்கள்; கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினின் பல் தேய்ந்தால் அது வேறு செலவு.

உட்பட்டையையும் சேர்த்து மாற்றுபவர்கள் டோர் பேடைக் கழற்ற வேண்டும். கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கிழிந்த துணிப்பட்டையைச் செருகி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் உள்ளே இருக்கும் வளைந்த கிளிப் துள்ளி வெளியே வரும். மறு கையால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதைத் தேடுவதில் ஒரு மணி நேரம் போய்விடும். பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தால் தடித்த பாலித்தீனில் புதிதாக வெட்டி, ஓரம் முழுவதும் பிசின் விட்டுப்போகாமல் ஒட்டுங்கள். பேட் பழையபடி மாட்டியாகிவிட்டது, யாருக்குத் தெரியப்போகிறது என்று இதை விடுபவர்களின் காரில்தான் ஐப்பசி மழையில் கால்மிதி ஊறுகிறது. பட்டை சரியில்லை என்று அவர்கள் மறுபடி கடைக்குப் போகிறார்கள்.

கதவைத் திறந்து, அடிவிளிம்பில் இருக்கும் துளைகளை ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். என் வண்டியில் காய்ந்த வேப்பிலையும் சேறும் ஒரு கைப்பிடி வந்தது. பிறகு கதவை மூடி, கண்ணாடியின் மேல் குழாய்த் தண்ணீரை ஐந்து நிமிடம் மழைபோலத் தூறவிட்டுக் குனிந்து பாருங்கள். காருக்குள் தரை உலர்ந்திருக்க வேண்டும். கதவின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் பதற வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிறது. ஐந்து நிமிடம் நனைத்தும் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால், ஈர்க்குச்சியை இன்னொரு முறை எடுங்கள்.