சிரித்த பொடியனை வெளியே அனுப்பாதீர்கள்

போன மாதம் திருகோணமலை உப்புவெளியில் இளையோருக்கான ஒரு நிகழ்ச்சி. புதிதாகச் சேர்ந்த இரண்டு தொண்டர்கள், ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும், லப்டொப்போடு முன்கூட்டியே வந்துவிட்டார்கள். "அண்ணா, ஒருக்கா பாருங்கோ" என்று ஸ்லைட் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்கள். முதல் பதின்மூன்றும் பரவாயில்லை. பதினான்காவதில் வீதி விபத்தில் செத்துப்போன ஒருவரின் படம், முகத்தைக்கூட மறைக்காமல்.

"இப்பத்தப் பிள்ளையளுக்கு இப்பிடிப் போட்டாத்தான் அண்ணா ஏறும்" என்றாள் தங்கச்சி.

பத்து வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன வசனம். சொல்லுக்குச் சொல் அதே வசனம்.

அன்றிரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பிள்ளை பேசும்போது போனைப் பார்க்காதே, குறுக்கே பேசாதே, உடனே புத்தி சொல்லாதே என்பதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பிள்ளைகளின் மனநலத்துக்காக உளசமூக வேலை செய்கிற நாங்கள், சான்றிதழ் வாங்கிய பிறகும் செய்கிற தவறுகள் வேறு. அவற்றைப் பற்றித்தான் இது.

மரத்துப்போனவர்களுக்கு இன்னும் பலமாகக் காட்டுவது

திருகோணமலைக்கு வெளியே ஒரு பாடசாலை. மண்டபத்தில் ஓ.எல். (சாதாரண தர) வகுப்புப் பிள்ளைகள் எண்பது பேர் வரை. வீதி விபத்து, போதை, தற்கொலை என்று எல்லாவற்றையும் ஒரே மணித்தியாலத்தில் அடக்கிய 'விழிப்புணர்வு'. படங்களை நானே பேஸ்புக்கில் தேடி எடுத்திருந்தேன். என் கணக்கு இதுதான்: இவர்கள் சோறு தின்றுகொண்டே வெட்டுக்குத்து வீடியோ பார்க்கிறவர்கள், சாதாரணப் படம் போட்டால் கண்ணிலேயே படாது.

இரண்டாவது படத்தில் ஒரு பிள்ளை முகத்தை மேசையில் புதைத்துக்கொண்டாள். வேலை செய்கிறது என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

நாலாவது படத்துக்கு மூன்றாம் வரிசையில் ஒரு பொடியன் சத்தமாகச் சிரித்தான். "சேர், இது பழைய படம். இதைவிட நல்லது என்னட்ட இருக்கு." மண்டபமே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்கு மனசே இல்லையா?" என்று கேட்டு அவனை வெளியே அனுப்பினேன். நிகழ்ச்சி முடியும்வரை வேப்பமரத்துக்குக் கீழே நின்றான். நான் போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து அந்தப் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை கூப்பிட்டார். ஒரு பொடியன் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டான், வீட்டிலும் பேச்சில்லை, ஒருக்கா வந்து பார்க்க முடியுமா என்றார். போனால், அவன்தான்.

மற்றதை ஆசிரியைதான் சொன்னார். அதற்கு முந்தின வருடம் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவனுடைய அண்ணன் செத்துப்போனான். உதவிக்கு ஓடினவர்களுக்கு முன்னால் போனைத் தூக்கினவர்கள் இருந்திருக்கிறார்கள். வீட்டுக்குச் செய்தி வருவதற்கு முன்பே ரியூசன் வகுப்பில் ஒருவனுடைய வாட்ஸ்அப்புக்கு வீடியோ வந்துவிட்டது. தன் அண்ணன் என்று தெரியாமலே இவனும் அதைப் பாதிவரை பார்த்திருக்கிறான். சேட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது.

என்னோடு அவன் பேச அரை வருடம் பிடித்தது. ஒவ்வொரு கிழமையும் போவேன், அவன் உள்ளே போய்விடுவான், தாய் தேத்தண்ணி தருவா, குடித்துவிட்டு வருவேன். கடைசியில் ஒரு நாள் டச்சுக்குடாப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது தானாகவே சொன்னான்: "முதல் வீடியோ பாக்கேக்க வயித்தைப் பிரட்டினது. பிறகு பிறகு ஒண்டும் செய்யேல்ல. நல்லாப் பழகினா அண்ணன்ட வீடியோவை முழுசாப் பாக்கலாம் எண்டு நினைச்சன்."

அவன் சேர்த்து வைத்திருந்த அத்தனை வீடியோவும் அதற்கான பயிற்சி. அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் மனசே இல்லையா என்று கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் அந்தப் பாடசாலையைத் தாண்டி பஸ் போகும்போது மற்றப் பக்கம் பார்ப்பேன்.

இதில் இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. ஒன்று பழக்கம். ஒரே மாதிரிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் உடம்பு துள்ளுவதைக் குறைத்துக்கொள்ளும். நெஞ்சு முன்போல அடிக்காது, கை வியர்க்காது. மற்றது அடைப்பு. தாங்க முடியாத ஒன்றுக்குப் பிறகு உணர்ச்சியே வராமல் போவது. அது உளக்காயத்தின் அறியப்பட்ட அறிகுறிகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம்: சிரிப்பு, பகிடி, "அதுக்கென்ன இப்ப?" முதலாவது பிள்ளைக்கு நீங்கள் போடும் பயங்கரப் படம் இன்னொரு வீடியோ, அவ்வளவுதான். இரண்டாவது பிள்ளைக்கு அது காயத்தில் விரலை விட்டு ஆட்டுவது. இருவரில் எவருக்கும் உதவாத ஒரு வேலையை எண்பது பேருக்குச் செய்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போனில் இந்த வீடியோக்கள் எப்படிச் சேர்கின்றன என்பதையும் புதியவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை தேடித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. எதில் விரல் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் கணக்கில் ஏறுகிறது. பயத்தில் விறைத்துப்போய் பத்து வினாடி நின்றாலும், அது விருப்பம் என்றே பதிந்து, அடுத்தது அதேபோல வரும். "நீ ஏன் இதையெல்லாம் பார்க்கிறாய்?" என்ற கேள்வி பாதி நேரம் தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது.

திரையில் பார்ப்பதால் பாதிப்பில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 2013இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு ஓர் ஆய்வு நடந்தது. அடுத்த கிழமை முழுவதும் நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் செய்தியையும் படங்களையும் பார்த்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான மன அழுத்தத்தைச் சொல்லியிருந்தார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்துப்போன அன்று எங்கள் மாவட்டத்தில் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படங்கள் சுற்றின என்று நினைத்துப் பாருங்கள். உளசமூக வேலை செய்கிறவர்களின் குழு ஒன்றுக்கும் வந்தது. போட்டவர் 'கவலையான செய்தி' என்று கும்பிடும் கையையும் சேர்த்துப் போட்டிருந்தார்.

சரி, படம் காட்டாமல் என்ன செய்வது? நான் இப்போது கேட்பது சின்னக் கேள்விகள். அதைப் பார்த்தபோது எங்கே இருந்தாய்? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? பார்த்துவிட்டு என்ன செய்தாய்? காட்சியில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. பெரும்பாலும் வரும் பதில்: படுக்கையில், தனிய, இரவு. பிறகு? அடுத்த வீடியோ.

"நாங்கள் பார்க்காததா?"

இது எங்கள் வயதுக்காரரின் நோய். 83 கலவரம், 90 சண்டை, சுனாமி, 2006 சண்டை என்று வரிசையாகச் சொல்லி, பங்கருக்குள் இருந்தும் குப்பி விளக்கில் படித்தும் நாங்கள் பைத்தியமாகவில்லையே என்று முடிப்போம். பைத்தியமாகவில்லையா என்பதை எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அது வேறு கதை.

நாங்கள் பார்த்த சாவுக்குச் செத்த வீடு இருந்தது. ஒப்பாரி வைக்க ஆட்கள் வந்தார்கள். எட்டுச் செலவு நடந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது, அதுவரை அயல்வீட்டுச் சோறு வந்தது. இந்தப் பிள்ளை பார்க்கிற சாவுக்கு இது எதுவும் இல்லை. போர்வைக்குள் ஒரு சாவு, அது முடிந்த கையோடு ஒரு டான்ஸ், அதற்கடுத்து ஷாம்பு விளம்பரம். அழுவதற்கு இடைவெளியே இல்லை. எங்களுடையதுதான் பெரியது என்று போட்டிக்குப் போனால், பிள்ளை தன் கதையை விழுங்கிவிட்டு உங்கள் கதைக்குத் தலையாட்டும். அதோடு சரி.

பிள்ளைகளோடு படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவது

வேண்டாம்.

நடந்ததை வரைந்து காட்டு என்பது

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வெளியாட்கள் வராத முகாம் இல்லை. இன்றைக்கு ஒரு குழு அலையை வரை என்னும், அடுத்த கிழமை இன்னொரு குழு வந்து அதே அலையை வரை என்னும். பிறகு பிள்ளைகள் வெள்ளைத்தாளைக் கண்டதுமே நீலப் பென்சிலைத் தேடினார்கள். நானும் அப்போது தாள் விநியோகித்த ஆள்தான்.

சம்பவம் நடந்த கையோடு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல வைப்பது பலன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. 2011இல் வந்த அவர்களுடைய உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. கேள் என்றால் அவர்களாகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. தோண்டுவதற்கு அதில் இடமில்லை.

போனைப் பறிப்பது

தாய்தகப்பன் முதலில் கேட்பது இதைத்தான்: "போனைப் பறிச்சு வைக்கட்டா, தம்பி?" பறித்தால் இரண்டு நாள் வீடு அமைதியாக இருக்கும். அப்புறம் கூட்டாளியின் போனில், உங்களுக்குத் தெரியாத இடத்தில் பார்ப்பான். ரியூசன் குறிப்பும் அதே போனில்தான் வருகிறது. ஒரு பிள்ளையின் ஒரே சினேகிதி அதற்குள்தான் இருக்கிறாள் என்றால், நீங்கள் பறித்தது அவளையும் சேர்த்து.

நான் சொல்வது சின்ன வேலைகள். இரவில் வீட்டில் எல்லாருடைய போனும் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பாவுடையதும்தான். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ தானாகவே இறங்குவதை நிறுத்திவிடுங்கள், அமைப்பில் போய் மாற்ற அரை நிமிடம் போதும். அப்பாவுடையதும் என்றதும் பல வீடுகளில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தற்கொலை என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வருவது

கேட்டால் எண்ணத்தை நாங்களே விதைத்ததாகிவிடுமோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். விதைக்காது. "சாகலாம் போல இருக்குதா?" என்று நேரே, அமைதியாகக் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு அதுதான் மூச்சு விட்ட மாதிரி இருக்கும். பொது மேடையில் செய்யக்கூடாதது வேறு: யாரோ ஒருவர் எப்படிச் செத்தார் என்று முறையை விவரிப்பது, அதைக் காதல் கதையாகவோ வீரமாகவோ சொல்வது.

பயங்காட்டினால் குறையும் என்று இன்னும் நம்புகிறவர்கள் எங்கள் நாட்டின் கணக்கையே பார்க்கலாம். 1995 அளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இலங்கையில் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிகக் கூடிய வீதங்களில் ஒன்று. அடுத்த பத்து வருடத்தில் அது பாதியளவுக்கு இறங்கியது. ஆய்வாளர்கள் முக்கிய காரணமாகச் சொல்வது, கொடிய பூச்சிமருந்துகளுக்கு அரசு விதித்த தடையை. ஆபத்தான சாமானைக் கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது வீட்டிலும் செய்யக்கூடிய வேலை. கவலை தோன்றினால் அதைத்தான் முதலில் வீட்டுக்காரரோடு பேசுவேன்.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது

உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லத்தான் போகிறீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது

1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது, 1333 இலவசமாகப் பேசலாம். மூன்றும் என் பையில் சின்ன அட்டையில் அச்சடித்துக் கிடக்கின்றன. கொடுத்த அட்டைகளில் எத்தனை, பள்ளிக்கூடச் சேட்டுப் பையோடு சேர்ந்து தோய்ந்துபோயிருக்கும் என்று யாருக்குத் தெரியும். பிள்ளையோடு பக்கத்தில் இருந்து முதல் அழைப்பை எடுக்க வைப்பது வேறு, அட்டையைக் கொடுப்பது வேறு.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். வெருகலிலிருந்தோ மூதூரிலிருந்தோ ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும். உளநலப் பிரிவு வாங்கில் இருக்கும்போது ஊர்க்காரர் யாராவது கண்டுவிட்டால் அடுத்த நாள் கதை கடைத்தெருவில். ஒரு தாய் என்னிடம், "பல்லுக்குக் காட்ட வந்தனாங்கள் எண்டு சொல்லட்டா?" என்று கேட்டா. சொல்லுங்கோ அக்கா என்றேன். பொய்தான். ஆனால் அடுத்த முறையும் வந்தார்கள்.

உப்புவெளிக்குத் திரும்புகிறேன். பதினான்காவது ஸ்லைடை அழித்தார்கள். தங்கச்சிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, இரண்டு இரவு முழித்துச் செய்தது. அந்த இடத்தில் என்ன போடுவது என்று தம்பி கேட்டான். ஒன்றும் போட வேண்டாம், புரொஜெக்டரையும் அடுத்த கிழமை விட்டுவிட்டு வாருங்கள், வொலிபோல் ஒன்று கொண்டு வாருங்கள், விளையாடி முடிந்து மணலில் இருக்கும்போது பேசலாம் என்றேன். கொண்டு வந்தார்கள். காற்றடிக்கிற பம்பைத்தான் மறந்துவிட்டார்கள்.